தெரியலை என்ற பொத்தான்

என் மகளுக்குப் பசிக்கும். ஆனால் பசிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். "அதெப்படிங்க, வயிறு கிள்ளாதா?" என்பார்கள். கிள்ளும். ஆனால் கிள்ளுவது வயிறு என்றும், அது சோறு கேட்கிறது என்றும் அவளுக்குப் புரியாது. உள்ளே ஏதோ சரியில்லை என்பது மட்டும்தான் தெரியும். அது காலில் இருக்கிறதா, ட்யூப்லைட் வெளிச்சத்தில் இருக்கிறதா, நான் போட்டிருக்கிற சட்டையில் இருக்கிறதா என்று பிரிக்கத் தெரியாது. அதனால் ட்யூப்லைட்டைப் பார்த்துக் கத்துவாள். நாங்கள் ஓடிப்போய் லைட்டை அணைப்போம். கத்தல் நிற்காது. ஒரு மணி நேரம் கழித்து யாராவது வாயில் ஒரு வாய் சோறு வைத்தால் நின்றுவிடும். அப்போதுதான் எங்களுக்கே தெரியும், பசி என்று.

சஷ்டிகாவுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பேச்சு குறைவு, ஒரே தட்டில்தான் சாப்பிடுவாள், டவுன் பஸ் நம்பர்களை வரிசையாக ஒப்பிப்பாள். இதற்கெல்லாம் நாங்கள் பழகிவிட்டோம். எங்களைத் தோற்கடித்தது இந்த உடம்பு விஷயம்தான். ஒரு ஏப்ரல் மதியம் மொட்டை மாடியில் வெறுங்காலோடு இருபது நிமிடம் நின்றிருக்கிறாள். பாதம் இரண்டும் கொப்பளித்துவிட்டது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்குத் தலையைச் சுவரில் மோதினாள்.

என் பெயர் கனகராஜ். கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே பெஞ்ச். மனைவி சுகந்தி போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் இருக்கிறாள். நாலு வருஷத்தில் மூன்று வாடகை வீடு மாறியிருந்தோம். மூன்றுமே சத்தத்துக்காகத்தான். நாலாவது வீடு மாடிப் போர்ஷன். கீழே ஓனர் சின்னச்சாமி அண்ணன். கெட்ட மனிதர் இல்லை. படியேறி வந்து வாசலில் நிற்பார். "தம்பி, கொழந்தையத் தப்பு சொல்லலீங். எங்க வூட்டம்மாளுக்குப் பிரஷருங். நீங்களே யோசிச்சுப் பாருங்" என்பார். அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

இப்போது எல்லாருக்கும் பட்டை என்றால் தெரியும். அப்போது அது புதுசு. சஷ்டிகா போகிற பயிற்சி மையத்தில் ஜெசிந்தா மேடம் ஒரு நாள் எங்கள் இருவரையும் உட்கார வைத்து டப்பாவைத் திறந்தார். வாட்ச் மாதிரி ஒன்று கைக்கு. பெல்ட் மாதிரி மெல்லியதாக ஒன்று இடுப்புக்கு. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு பொட்டு.

"நாடி, வேர்வை, தோல் சூடு, குடல் சத்தம் எல்லாம் இது படிக்கும்" என்றார். "படிச்சுட்டு காதுல மெதுவா சொல்லும். சஷ்டி, இது பசி. சஷ்டி, இது ஒண்ணுக்கு. அவ்வளவுதான்."

சுகந்தி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத் தபாலும் வந்துருதுங்க மேடம், இவளுக்கு. அட்ரஸ் எழுதாம வருது. அதை இது எழுதிக் குடுக்கும்னு சொல்றீங்க."

"ஆமா. ஆனா அட்ரஸ் அதுக்கும் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்."

ஒவ்வொரு குழந்தையின் உடம்பும் வேறு மாதிரி. அதனால் ஆறு வாரம் பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவர் கையிலும் ஒரு பட்டை. அதில் எட்டுப் பொத்தான்கள். குழந்தையிடம் ஏதாவது மாற்றம் தெரிந்தால் பத்து நொடிக்குள் ஒன்றை அமுக்க வேண்டும். பசி, ஒன்றுக்கு, குளிர், வலி, பயம், கோபம், சந்தோஷம். எட்டாவது, தெரியலை.

"கடைசிப் பொத்தான்தான் ரொம்ப முக்கியம் சார்" என்றார் ஜெசிந்தா. "சந்தேகமா இருந்தா அதைத்தான் அமுத்தணும். ஊகம் பண்ணாதீங்க."

தலையாட்டினேன். சுகந்திக்கு லீவு இல்லை. எனக்குச் சேர்த்து வைத்த லீவு இருந்தது. நான் உட்கார்ந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. டெஸ்ட் ஷீட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. "பார்க்கவில்லை", "தெளிவில்லை" என்று எழுதினால் ஆடிட்டர் ஷீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நானே சொல்வேன், "தெரியலைன்னு எழுதறதுக்கு உனக்கு எதுக்கு மீட்டர்?" என்று. இருபத்திரண்டு வருஷம் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விட்டதில்லை. அந்த ஆறு வாரமும் விடவில்லை. பதற்றமில்லாத நேரங்களில் கவனமாகத்தான் இருந்தேன். சாப்பாட்டு நேரம், பாத்ரூம் நேரம் எல்லாம் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து அமுக்கினேன். அவள் கத்தினாலோ, தரையில் குதித்தாலோ, கையை உதறினாலோ, ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். கோபம். அமுக்கிவிட்டு அவளைப் பிடிக்க ஓடுவேன். கீழே கேட்டுவிடக் கூடாது.

காதில் பேசும் குரலும் என்னுடையதுதான். பழகிய குரலாக இருந்தால் குழந்தை ஏற்றுக்கொள்ளும் என்று கம்பெனிக் குறிப்பில் இருந்தது. ஒரு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பதிவு செய்தேன். "சஷ்டி, இது கோபம். உட்காரு. மூச்சை மெதுவா விடு." பன்னிரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், குரல் கனிவாக வரும் வரை.

நாற்பத்தைந்தாம் நாள் நான் சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். சஷ்டிகா வந்து ஃப்ரிட்ஜ் ஓரத்தில் நின்றாள். காதைத் தொட்டாள்.

"அப்பா. பசி."

கத்தியை வைத்துவிட்டுச் சுகந்திக்குப் போன் அடித்தேன். கவுண்டர் நேரத்தில் எடுக்க மாட்டாள். அன்றைக்கு எடுத்தாள்.

"என்னாச்சுங்க? விழுந்துட்டாளா?"

"பசிக்குதுன்னு கேட்டா புள்ள."

அந்தப் பக்கம் யாரோ ஒருவர், "மேடம், ஸ்பீடு போஸ்ட்டுங்க, எத்தன நேரம்" என்று கேட்டது காதில் விழுந்தது. பிறகு அதே ஆள், "பரவால்லீங்க மேடம், மெதுவா பண்ணுங்க" என்றார். அவள் அழுதிருக்க வேண்டும்.

"இட்லி இருந்துச்சுங்களா?" என்றாள் கடைசியில்.

"மூணு தின்னுட்டா. இன்னும் கேக்கறா."

அடுத்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் அப்படி ஒரு அமைதி. ஒன்றுக்கு என்று தானாகப் போனாள். ஸ்வெட்டர் கேட்டாள். எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிந்தது கோபம்தான். கத்தல் வருகிற மாதிரி இருக்கும். காதைத் தொடுவாள். தரையில் சம்மணம் போட்டு உட்காருவாள். கண்ணை மூடி, "கோபம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மூச்சை இழுத்து விடுவாள். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவைக்கும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினேன். ஓனர் அண்ணன் படியேறி வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"கொழந்த இப்பத் தெளிவாயிட்டாளாட்ட இருக்குது தம்பி. கீழ ஒரு சத்தம் இல்லீங்."

கதவைச் சாத்திவிட்டுச் சுகந்தியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சில நாளாகவே அவள் மனதில் ஏதோ இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் துணி காயப்போடும்போது அது வெளியே வந்தது.

தெருமுனையில் எழுபதாம் நம்பர் பஸ் திரும்பியது. புது எலக்ட்ரிக் பஸ், பச்சை நிறம். சஷ்டிகா கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை குதித்தாள். மூன்றாவது தடவை குதிக்கவில்லை. கை காதுக்குப் போனது. உட்கார்ந்தாள். "கோபம்." மூச்சை விட்டாள். பஸ் போய்விட்டது.

"இப்ப அவளுக்குக் கோபமாங்க?" என்றாள் சுகந்தி.

"பட்டை சொல்லுதல்ல."

"பட்டை சொல்லுச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? அதுக்குத்தான மிஷினு."

"எழுபதாம் நம்பரப் பார்த்து யாராச்சும் கோபப்படுவாங்களா? அவ அந்தப் பஸ்ஸுக்குன்னே நிக்கறா. முன்னெல்லாம் கைய ஆட்டிட்டு ஒரு சத்தம் போடுவாளே, கேட்டு எத்தன நாளாச்சு தெரியுமா?"

"அந்தச் சத்தத்துக்குத்தான் மூணு வீடு மாறுனோம்" என்றேன்.

ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மீதித் துணியைக் காயப்போட்டேன். என் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை. காலையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுச் சஷ்டிகா உட்கார்ந்தாள். "கோபம்." மூச்சு. பத்து நிமிடம் கழித்து மறுபடி. மதியத்துக்குள் ஏழு தடவை. நான் ஒவ்வொரு தடவையும், "சூப்பர் சாமி, அப்படித்தான்" என்று சொல்லி ஸ்டிக்கர் ஒட்டினேன். சோறு வேண்டாம் என்றாள். கோபத்தில் பசி தெரியாது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்மணம் போட முடியாமல் ஒருபக்கமாகச் சுருண்டு படுத்தபடி மூச்சை விட்டாள். அப்போதும் ஒழுங்காக விட்டாள். உள்ளே, நாலு எண்ணும் வரை, வெளியே. "கோபம். கோபம். கோபம்."

"எதுக்கு சாமி இத்தன கோபம்?" என்று தலையைத் தடவினேன். தலை கொதித்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் வயிற்றில் கை வைத்த உடனே எடுத்துவிட்டார். குடல்வால் வெடித்திருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னிடம் கேட்டார்.

"குறைஞ்சது ஒரு நாளாவது துடிச்சிருக்கணுமே சார். குழந்தை ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னாளுங்க டாக்டர்" என்றாள் சுகந்தி. என்னைப் பார்க்காமல் சொன்னாள். "முப்பது தடவை சொன்னா."

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பிழைத்துவிட்டாள்.

டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரத்தில் ஜெசிந்தா மேடம் என்னை மட்டும் மையத்துக்குக் கூப்பிட்டார். லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். திரையில் இரண்டு கோடுகள்.

"திட்டறதுக்குக் கூப்பிடல சார். ஒண்ணு காட்டணும். பச்சை சஷ்டி. செவப்பு நீங்க."

"நான் எங்கிருந்து வந்தேன்?"

"பொத்தான் பட்டை உங்க கையிலதான இருந்துச்சு. அதுலயும் அதே சென்சார்தான். கழட்டி வச்சா தெரியணுங்கறதுக்காகப் போட்டது. யாரும் அதைத் திறந்து பார்க்கறதில்ல. நானும் பார்க்கல." அவர் விரலால் ஒரு இடத்தைக் காட்டினார். "நீங்க ஆறு வாரத்துல கோபம்னு அமுத்தினது நூத்திப் பதினாலு தடவை. அதுல தொண்ணூறு தடவை முதல்ல ஏறறது உங்க நாடி. சஷ்டிக்கு அதுக்கப்புறம்தான். சில நேரம் அவளுக்கு ஏறவே இல்ல. சும்மா குதிச்சிட்டிருந்திருக்கா."

சிவப்புக் கோடு ஒவ்வொரு இடத்திலும் செங்குத்தாக நின்றது.

"பல் வலி வந்தப்பவும் கோபம். சந்தோஷத்துல குதிச்சப்பவும் கோபம். வலின்னு நீங்க அமுத்தினது ரெண்டே தடவை. ரெண்டும் ரத்தம் வந்த நாள்."

"அப்ப அந்தப் பட்டைக்குக் கோபம்னா என்னங்க மேடம்?"

அவர் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "அப்பா பயப்படற நேரம்" என்றார்.

எங்கள் பெஞ்சில் ஒரு மாஸ்டர் கேஜ் உண்டு. மற்ற கேஜ்களை எல்லாம் அதோடு ஒத்துப் பார்த்துத்தான் திருத்துவோம். அந்த மாஸ்டரை வருஷத்துக்கு ஒரு முறை வெளியே அனுப்பிச் சரிபார்ப்பார்கள். ஒரு வருஷம் அனுப்ப மறந்துவிட்டார்கள். நான் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன். நானூறு கேஜ்களையும் ஒரே தப்போடு ஒழுங்காகத் திருத்தினேன். இது எனக்குத் தெரிந்த விஷயம். தினமும் கையில் பிடித்து வேலை செய்கிற விஷயம். வீட்டில் நானே மாஸ்டராக உட்கார்ந்தபோது, என்னைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"தெரியலை எத்தன தடவைங்க?" என்று கேட்டேன்.

"சைபர்." ஜெசிந்தா லேப்டாப்பை மூடினார். "ரெண்டாவது வாரமே நான் அதைப் பார்த்தேன் சார். அப்பவே உங்களக் கூப்பிட்டிருக்கணும். எவ்வளவு சுத்தமான டேட்டான்னு சந்தோஷப்பட்டேன். தப்பு உங்களது மட்டும் இல்ல. சஷ்டியோடது இல்லவே இல்ல. நாம சொல்லிக் குடுத்ததை அவ சரியாக் கத்துக்கிட்டா."

பட்டையைக் கழற்றிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். கழற்றவும் செய்தேன். அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சஷ்டிகா காதைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்குதா அம்மிணி?"

கையை எடுக்கவில்லை. குரல் வருமென்று காத்திருந்தாள். முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். முன்பாவது பசியைக் கத்தலாக வெளியே தள்ளினாள். இப்போது அதுவும் இல்லை. நான் சொன்னால்தான் பசி. நான் சொன்னால்தான் குளிர்.

சுகந்திதான் யோசித்தாள். மறுநாள் அவளே ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாள். "மேடம், பேசறத மட்டும் நிறுத்த முடியுமா? உள்ள ஏதோ நடக்குதுன்னு ஒரு அதிர்வு மட்டும் குடுத்தாப் போதும். அது என்னன்னு அவளே சொல்லட்டும்."

முடியும் என்றார். யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

"அவ சொல்லலைன்னா?" என்று நான் சுகந்தியிடம் கேட்டேன்.

"எங்கன்னு கேளுங்க. எப்படி இருக்குதுன்னு கேளுங்க. பேரு மட்டும் நீங்க வைக்காதீங்க. இன்னொரு தடவை அவளுக்கு நீங்க பேரு வச்சீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன்." கடைசியில் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

முதல் மூன்று வாரம் ஒன்றுமே வரவில்லை. மணி பார்த்துச் சோறு போட்டோம், மணி பார்த்துப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனோம். கத்தல் திரும்ப வந்தது. பட்டை அதிரும், சஷ்டிகா அதை வெறித்துப் பார்ப்பாள், நான், "எங்க சாமி?" என்பேன். ஒருநாள் கழுத்தைக் காட்டினாள். மறுநாள் முழங்காலை. நாலாவது வாரம் அடிவயிற்றில் கை வைத்து, "பிரேக்கு" என்றாள்.

"எப்படி?"

"பஸ் பிரேக்கு. எல்லாரும் முன்னாடி வர்றாங்க."

ஆஹா, பசி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். அவள் எழுந்து நேராகப் பாத்ரூமுக்குள் போனாள். நல்லவேளை. நான் சொல்லியிருந்தால் அன்றைக்கும் இட்லி வந்திருக்கும்.

சத்தம் கேட்டு ஓனர் அண்ணன் மறுபடி படியேறி வந்தார். இந்த முறை நான் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"அண்ணா, சத்தம் வருமுங்க. இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலாம். அடக்கச் சொல்ல மாட்டமுங்க. அடக்கித்தான் அவ வயித்துல தையல் இருக்குது."

அவர் சஷ்டிகாவைப் பார்த்தார். அவள் தரையில் குப்புறப் படுத்து, கால்களை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆடி முடிஞ்சு பார்த்துக்கலாமுங் தம்பி" என்றார்.

ஆவணியில் காலி செய்தோம். இப்போது இருப்பது வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் ஒரு தரைவீடு. எங்களைவிடப் பட்டறைச் சத்தம் அதிகம். யாரும் குறை சொல்வதில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டைக் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. நன்றி சொல்லி. புதிய பதிப்பில் பெற்றோர் ஆறு வாரம் சிரமப்பட வேண்டியதில்லை, இரண்டே வாரம் போதும் என்று எழுதியிருந்தார்கள். காரணம், முன்பு பயிற்சி கொடுத்தவர்களில் மிக முழுமையான ஒரு பதிவை எடுத்து, எல்லாப் பட்டைகளுக்கும் அடித்தளமாகப் போட்டிருக்கிறார்களாம். ஒரு கட்டம்கூடக் காலியில்லாத பதிவு. நாங்கள் முதல் நாளிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதத்தின் கீழ்தான். உங்கள் பொறுமை ஆயிரத்து முந்நூறு குழந்தைகளுக்கு உதவுகிறது என்று கடைசி வரி.

மூன்று தடவை படித்தேன். பிறகு ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். அவருக்கும் தெரியாது.

"புதுக் குழந்தையோட டேட்டா சேரச் சேர இது மாறாதுங்களா மேடம்?"

"கொஞ்சம் மாறும். ஆனா தொடக்கம் உங்களோடதுதான் சார். ரெண்டு வாரத்துல அம்மா அப்பா எத்தன தடவை திருத்தப் போறாங்க? அதுவும் குழந்தை அமைதியா இருக்கும்போது?"

கம்பெனிக்கு எழுதினேன். அந்தப் பதிவு தப்பு, அதில் இருப்பது என் மகள் இல்லை, நான் என்று எழுதினேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களை இணைத்தேன். அடுத்த பதிப்பில் பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. எந்தக் குழந்தைகள் என்று கேட்டேன். தனிப்பட்ட விவரம், தர முடியாது என்றார்கள். மறுபடி எழுதினேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை சஷ்டிகாவோடு மையத்துக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு அம்மா, பக்கத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் காதுக்குப் பின்னால் புதுப் பொட்டு. நான் தயங்கித் தயங்கி அந்த அம்மாவிடம் பேச ஆரம்பித்தேன். என்னைப் பற்றி, பொத்தானைப் பற்றி, கோபத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். எனக்குச் சுருக்கமாகப் பேச வராது. அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க பொண்ணுக்கு அப்படி ஆயிருச்சுங்க, கஷ்டந்தான்" என்றார். "எங்க ரித்துவுக்கு அப்படியெல்லாம் இல்லீங்ணா. நீங்க நம்ப மாட்டீங்க, போன மாசம் இவளைக் கூட்டிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோம். நாலு வருஷத்துல மொதல் தடவை. அத்தனை பேரும், எவ்வளவு அடக்கமா இருக்கான்னாங்க. இதைக் கழட்டச் சொல்றீங்களா?"

அவர் சொல்கிற சந்தோஷம் எனக்குத் தெரியும். அதே வாழைப்பழம்தான் நானும் சாப்பிட்டேன்.

ரித்து நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் சம்மணம் போட்டாள். கண்ணை மூடினாள். "கோபம்" என்றாள். உள்ளே, நாலு எண்ணும் வரை, வெளியே.

"பாருங்க" என்றார் அம்மா. "தானா உக்காந்துக்கறா."

மூலையில் பஸ் நம்பர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்த சஷ்டிகா நிறுத்தினாள். அவள் மற்றக் குழந்தைகள் பக்கம் போகிறவள் இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசுகிறவளும் இல்லை. எழுந்து வந்து ரித்துவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க?"

ரித்து கண்ணைத் திறந்தாள். "கோபம்" என்றாள் மறுபடி.

"அது தெரியலை" என்றாள் சஷ்டிகா. "எங்க?"

ரித்துவின் கை காதுக்குப் போய்ப் பாதியில் நின்றது. பிறகு அந்தக் குழந்தை வலது காலை முன்னால் நீட்டியது. பளபளவென்று புது ஷூ. சஷ்டிகா அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அந்த அம்மாதான் குனிந்து நாடாவை அவிழ்த்து ஷூவைக் கழற்றினார். வெள்ளை சாக்ஸின் குதிகால் முழுக்க ரத்தத்தில் சிவந்து, ஒட்டிக் காய்ந்திருந்தது.

அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, மற்றக் காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.